சேற்றின் மேல் நானூறு ஆண்டுகள்

ஆம்ஸ்டர்டாமின் ஹேரன்கிராக்ட் கால்வாய்த் தெருவில் இரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. 170–172 எண் கொண்ட வீட்டை 1617 வாக்கில் பார்ட்டொலாட்டி என்ற பெரும் வணிகர் கட்டினார். சிவப்புச் செங்கல், நடுநடுவே வெள்ளைக் கற்பட்டைகள், உச்சியில் அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் சுருள் வேலைப்பாடு என்று அது திருவிழாக் கோலத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 168-ஆம் எண் வீடு, 1638-இல் எழுந்தது. வெளிறிய மணற்கல் முகப்பு, அளந்து வைத்தாற்போன்ற ஜன்னல்கள், உச்சியில் கழுத்துபோல் நிமிர்ந்த ஒரே ஒரு செவ்வகம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

கட்டடக்கலை வரலாறு சொல்பவர்கள் இதை ரசனையின் மாற்றம் என்பார்கள். முதல் வீடு ஹென்ட்ரிக் டி கெய்சர் என்ற கட்டடக்கலைஞரின் காலத்துப் பாணி. இரண்டாவது பிலிப்ஸ் ஃபிங்போன்ஸ் என்ற அடுத்த தலைமுறைக் கலைஞரின் அமைதியான பாணி. அது சரிதான். ஆனால் கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினால் வேறொன்று தெரியும். இரண்டு வீட்டின் முகப்பிலும் சுவரைவிட ஜன்னலே அதிகம். இரண்டின் தலைவாசலும் தெருமட்டத்துக்கு மேலே இருக்கிறது. இரண்டும் உயரமானவை, ஆழமானவை. மாறியது பெரும்பாலும் உச்சிதான். இந்த ஒற்றுமையைக் கலைஞர்கள் யாரும் தீர்மானிக்கவில்லை. மண், மரம், தீ, தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானித்தன. அவை விட்டுவைத்த இடத்தில்தான் ரசனை விளையாடியது.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு தரை

ஆம்ஸ்டர்டாமின் தரைக்கு அடியில் பாறை கிடையாது. பல ஆயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் நீரில் ஊறி மக்கிய கரிமண்ணும், அதற்குக் கீழே களிமண்ணும்தான் உண்டு. கரிமண்ணில் பெரும்பங்கு தண்ணீர். மேலே சுமை ஏற்றினால் நீர் பிதுங்கி வெளியேறும், மண் அமுங்கும். பளுவைத் தாங்கக்கூடிய முதல் மணற்படுகையைத் தொட ஏறத்தாழ 12 மீட்டர் கீழே போக வேண்டும்.

அதனால் இங்கே வீடு கட்டுவது மரம் நடுவதில் தொடங்கியது. நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வந்த நெடிய பைன், ஸ்ப்ரூஸ் மரங்களைச் சுவர் வரும் இடங்களில் இரட்டை வரிசையாக, நுனி கீழாக இறக்குவார்கள். கனமான கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி முப்பது, நாற்பது பேர் சேர்ந்து இழுத்து, பிறகு ஒரே நேரத்தில் விட்டுவிடுவார்கள்; அது மரத்தின் தலையில் விழுந்து அதைச் சேற்றுக்குள் தள்ளும். எல்லாரும் ஒருசேர இழுக்க வேண்டுமென்பதால் பாட்டுப் பாடித்தான் வேலை. அடித்த மரங்களின் தலைமேல் குறுக்குக் கட்டை, அதன்மேல் நெடும்பலகை, அதன்மேல் செங்கல் சுவர். 1648-இல் தொடங்கிய நகர மன்றக் கட்டடத்துக்கு, அதாவது இன்றைய அரண்மனைக்கு, இப்படி 13,659 மரங்களை அடித்தார்கள்.

மரம் தண்ணீரில் அழுகாதா? முழுக்க மூழ்கிய மரம் மிக மெதுவாகத்தான் கெடும். மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். நிலத்தடி நீர் மூடியிருக்கும்வரை ஆக்சிஜன் கிட்டாது. நீர்மட்டம் இறங்கி மரத்தின் தலை வெளிப்பட்டால் அந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும். ஆக, ஹேரன்கிராக்ட் வீடுகள் நிற்பது மரத்தின் வலிமையால் மட்டுமல்ல, தண்ணீரின் அளவாலும். இந்த நகரம் நீர்மட்டத்தை அளப்பதில் காட்டிய அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம். 1680-களில் கணிதவியலாளரும் மேயருமான யோஹன்னஸ் ஹுட்டெ, மதகுகளில் எட்டு அளவுக் கற்களைப் பதிக்கச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஆம்ஸ்டர்டாம் மட்டம்’. ஐரோப்பாவின் பல நாடுகள் நிலத்தின் உயரத்தைக் கணக்கிட இதையே அடிப்படையாகக் கொண்டன. கால்வாய் நீரை இன்றும் அந்த மட்டத்துக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் கீழே நிலைநிறுத்தி வைக்கிறார்கள்.

உத்திரத்தின் நீளமே வீட்டின் அகலம்

1585-இல் ஸ்பானியப் படைகளிடம் ஆன்ட்வெர்ப் விழுந்தபின் வணிகர்களும் கைவினைஞர்களும் வடக்கே ஓடிவந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் வீங்கியது. 1613-இல் நகராட்சி பெரிய விரிவாக்கத்தைத் தொடங்கி, ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சென்கிராக்ட் என்று வளைய வளையமாகக் கால்வாய்கள் வெட்டி, கரைகளை மனைகளாகப் பிரித்து ஏலம் விட்டது. ஹேரன்கிராக்டில் வழக்கமான மனை 30 அடி அகலம். ஆம்ஸ்டர்டாம் அடி 28.3 சென்டிமீட்டர்தான் என்பதால் இது சுமார் எட்டரை மீட்டர். பின்பக்கமாகவோ ஏறத்தாழ 50 மீட்டர் நீண்டது.

ஏன் 30 அடி? ஒட்டுவீட்டின் எலும்புக்கூட்டை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளலாம். இரு பக்கச் சுவர்கள் ஏணியின் கால்கள். தளம்தோறும் தெருவுக்கு இணையாக ஓடும் உத்திரங்கள் படிகள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை இடையில் தாங்கலில்லாமல் போகும் உத்திரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். உத்திரம் நீள நீள அதன் தொய்வு பலமடங்கு கூடும். அன்று கிடைத்த மரத்துக்கு ஏழெட்டு மீட்டர்தான் வசதியான எல்லை. அந்த மரமும் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு கருவி உதவியது: 1590-களில் கோர்னெலிஸ் கோர்னெலிசூன் உருவாக்கிய, காற்றாலையால் இயங்கும் மர அறுவை ஆலை. கையால் பல நாள் அறுக்க வேண்டிய மரத்தைக் காற்று அறுத்துத் தள்ளியது.

சுமையெல்லாம் பக்கச் சுவர்களில் இறங்கிவிட்டதால் முன்சுவருக்குத் தன்னைத் தாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அதைத் துளைத்துக்கொண்டே போகலாம். கனம் குறைந்தால் அடியிலுள்ள மரங்களுக்கும் நல்லது. இருபுறமும் அண்டை வீடுகள் ஒட்டியிருப்பதால் வெளிச்சம் முன்னும் பின்னும்தான் வர முடியும். ஆகவேதான் அந்தப் பெரிய பெரிய ஜன்னல்கள். முதலில் ஈயச்சட்டத்தில் கோத்த சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகள், கீழ்ப்பாதியில் மரக்கதவு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேலே தள்ளித் திறக்கும் மரச்சட்ட ஜன்னல் வந்தது. கண்ணாடித் தொழில் தேறத் தேறச் சில்லுகளும் பெரிதாயின. முகப்பின் உச்சியைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பதுபோல, மாற்றப்படாத ஜன்னலின் சில்லு அளவைப் பார்த்தும் காலத்தைக் கணிக்கலாம்.

சுமை ஏறாத சுவருக்கு ஒரு பலவீனமும் உண்டு. அதை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாததால் வெளிப்பக்கம் சாய்ந்து பிரிந்துவிடும். எனவே வீட்டின் மரச்சட்டத்தோடு சுவரை இழுத்துப் பிடிக்க இரும்புக் கொண்டிகளைப் போட்டார்கள். முகப்பில் கருப்பாகத் தெரியும் அந்த இரும்புத் துண்டுகள் அழகுக்கு வைத்தவை அல்ல.

நீண்ட மனையின் நடுப்பகுதி இருட்டாகிவிடும் அல்லவா? அதற்கு விடையாக வந்தது பின்வீடு. முன்வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம் விட்டு, அதற்கப்பால் தனிக் கட்டடம் எழுப்பி, இரண்டையும் ஒரு நடையால் இணைத்தார்கள். முற்றத்தின் வழியே இரண்டுக்கும் வெளிச்சம் கிடைத்தது. தெருவில் நிற்பவருக்கு இப்படியொரு பின்வீடு இருப்பதே தெரியாது. இரண்டு கால்வாய் தள்ளி பிரின்சென்கிராக்ட் 263-இல், 1942 முதல் 1944 வரை ஆன் ஃபிராங்கின் குடும்பம் ஒளிந்திருந்தது அப்படியொரு பின்வீட்டில்தான்.

தீயும் முக்கோணமும்

இந்த நகரம் முதலில் மரவீடுகளால் ஆனது. 1421-இலும் 1452-இலும் பெருந்தீ பரவியது. இரண்டாவது தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலானது. அதன்பின் மரச்சுவர்களுக்கு எதிரான கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; 1521-இல் மரவீடு கட்டத் தடையே வந்தது. தடைக்குப் பின்னும் பெகெய்ன்ஹோஃப் வளாகத்தில் 1528 வாக்கில் எழுந்த வீடு ஒன்று, நகரில் எஞ்சியுள்ள மரமுகப்பு வீடுகளில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. ஹேரன்கிராக்ட் தொடங்கிய காலத்தில் செங்கல்தான் சட்டம். ஆற்றுக் களிமண் தாராளமாக இருந்ததால் செங்கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்தான் இல்லை, மணற்கல்லை இன்றைய ஜெர்மனியின் பெந்தைம் பகுதியிலிருந்து படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. விலையும் அதிகம், கனமும் அதிகம். ஆகையால் கல்லைக் கண்ணில் படும் இடங்களுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். 168-ஆம் எண்ணின் முழு மணற்கல் முகப்பு எவ்வளவு பெரிய செல்வக் காட்சி என்பது இப்போது விளங்கும்.

இனி உச்சிக்கு வருவோம். குறுகிய மனையில் கூரையின் முகடு தெருவுக்குச் செங்குத்தாகப் பின்னோக்கி ஓடும். மழைநீர் இரு பக்கமும் வழிந்து, வீடுகளுக்கு இடையிலுள்ள வாய்க்காலில் சேரும். ஆனால் தெருவை நோக்கிக் கூரையின் முக்கோணம் திறந்து நிற்கும். அதை எதைக்கொண்டு மூடுவது? ஆம்ஸ்டர்டாம் முகப்புகளின் இருநூறு ஆண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்கள்தான்.

முதல் பதில், சரிவை ஒட்டிப் படிப்படியாகச் செங்கல்லை அடுக்குவது. 1660-கள்வரை இந்தப் படிக்கட்டு முகப்பு செல்வாக்கோடு இருந்தது. இரண்டாவது பதிலை 1638-இல் ஃபிங்போன்ஸ் 168-ஆம் எண்ணில் சொன்னார்: நடுவில் ஒரு செவ்வகக் கழுத்தை உயர்த்தி, இருபுறமும் மீந்த மூலைகளைச் செதுக்கிய கல்லால் நிரப்பினார். கூரையின் சரிவு முழுக்க மறைந்தது. ஃபிங்போன்ஸ் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் நகரில் அரசுப் பணிகள் அவருக்குக் கிடைப்பது அரிது. அதனால் தன் திறமை முழுவதையும் வணிகர்களின் வீடுகளில் கொட்டினார். தன் வரைபடங்களை 1648-இலும் 1674-இலும் நூல்களாக வெளியிட்டார். அவற்றைப் பார்த்துக் கட்டியவர்கள் பலர். 364 முதல் 370 வரை எண்ணுள்ள நான்கு வீடுகளை 1662-இல் ஒரே அச்சாக, மணற்கல்லில் அவரே எழுப்பினார். அதே 1660-களில் மூன்றாவது பதிலும் வந்தது: கழுத்தும் மூலையும் ஒன்றாகிக் கவிழ்த்த மணியின் வளைவுபோல் ஆன முகப்பு. கற்சிற்பம் குறைவு என்பதால் செலவும் குறைவு. நடுத்தர வணிகர்களிடம் அது பரவியது.

பரணில் சரக்கு

கால்வாய்க்கரை வீட்டில் வணிகர் குடியிருந்தார், கணக்கு எழுதினார், சரக்கும் வைத்தார். நிலவறையில் சரக்கை வைக்க முடியாது. தெருவுக்கு ஒரு மீட்டர் சொச்சம் கீழேயே தண்ணீர். நிலவறையை ஆழமாகத் தோண்ட வழியில்லாததால் அது பாதி மேலே எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் வந்த முதல் தளத்துக்கு ஏற வெளிப்படிக்கட்டு தேவைப்பட்டது. டச்சுக் குடியேறிகள் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது இந்தப் படிக்கட்டும் கூடவே போனது. நியூயார்க் வீடுகளின் முன் இன்றும் அதன் வாரிசுகளைப் பார்க்கலாம்.

சரக்குக்கு உலர்ந்த இடம் பரண்தான். குறுகலான, செங்குத்தான உள்படிகளில் மூட்டை ஏற்ற முடியாது. எனவே முகப்பின் உச்சியில் ஒரு கட்டையை நீட்டி, கப்பி மாட்டி, படகிலிருந்து நேராக மேலே தூக்கினார்கள். பல முகப்புகள் வேண்டுமென்றே சற்று முன்சாய்வாகக் கட்டப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று: தூக்கும் மூட்டை ஜன்னலில் இடிக்காது. மழைநீர் சுவரில் வழியாமல் விலகி விழும் என்பது இன்னொன்று. மேல்தளம் முன்துருத்திய பழைய மரவீட்டு மரபின் மிச்சம் என்பது மற்றொன்று. எப்படியானாலும் முன்சாய்வு கொத்தனார் திட்டமிட்டது, பக்கச்சாய்வு அப்படியல்ல. அடிமரம் ஒருபுறம் தளர்ந்ததன் விளைவு அது. ஒரே தெருவில் இரண்டு சாய்வையும் காணலாம். இரண்டுக்கும் கதை வேறு.

அந்தப் பரண்களை நிரப்பிய செல்வத்துக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. 1602-இல் பிறந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் காலூன்றியது. 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. சோழமண்டலக் கரையின் துணியை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் அங்கே வாசனைப் பொருள்களுக்கு மாற்றினார்கள். அதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அட்லாண்டிக் பக்கத்திலும் இதே கதைதான். இன்று மேயரின் அதிகாரபூர்வ இல்லமாக இருக்கும் ஹேரன்கிராக்ட் 502-ஐ 1672-இல் கட்டிய பவுலுஸ் கோடின், அடிமை வணிகம் நடத்திய மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர்.

பொன் வளைவு

1663-இல் கால்வாய் வளையம் மேலும் நீண்டபோது, ஹேரன்கிராக்டின் ஒரு வளைவில் பணக்காரர்கள் இரண்டிரண்டு மனையாகச் சேர்த்து வாங்கினார்கள். அதற்குப் ‘பொன் வளைவு’ என்று பெயர் நிலைத்தது. கெரிட் பெர்க்ஹெய்டெ 1671–72-இல் அதை ஓவியமாகத் தீட்டியபோது பாதி மனைகள் காலியாகவே இருந்தன. அதே 1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் போர் தொடுக்க, மனை வியாபாரம் படுத்துவிட்டது.

மனை இரட்டித்தாலும் உத்திரம் இரட்டிக்கவில்லை. 17 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் கடக்க மரம் இல்லை. எனவே உள்ளே இரண்டு தாங்கு சுவர்கள் எழுப்ப வேண்டியதாயிற்று. அவற்றுக்கு இடையே நடுவில் ஒரு நடைக்கூடம், இருபுறமும் அறைகள், முகப்பில் நட்டநடுவே வாசல். மாளிகைகளின் கம்பீரமான சமச்சீருக்கு இத்தாலிய நூல்கள் எவ்வளவு காரணமோ, உத்திரத்தின் நீளமும் அவ்வளவு காரணம். இன்னொன்றும் நடந்தது. அகலமான வீட்டில் கூரை முகட்டைத் தெருவுக்கு இணையாக ஓட்டலாம். அப்போது தெருவை நோக்கி முக்கோணமே இல்லை, மறைக்கவும் எதுவுமில்லை. நேர்கோடாக ஒரு கார்னிஸ், அதாவது சுவரின் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பு, போதும்.

அந்த நேர்கோடு பெரிய மனிதர்களின் அடையாளமாகிவிட, குறுகிய வீட்டுக்காரர்களுக்கும் ஆசை பிறந்தது. 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில் பழுதான படிமுகப்புகளையும் கழுத்துகளையும் இடித்துவிட்டு, பின்னால் முக்கோணக் கூரை அப்படியே இருக்க, முன்னால் ஒரு நேரான கார்னிஸை நிறுத்தினார்கள். இன்று இந்தத் தெருவில் 19-ஆம் நூற்றாண்டு முகம் காட்டும் பல வீடுகளுக்குள் 17-ஆம் நூற்றாண்டின் உத்திரங்கள் இருக்கின்றன.

ஒரே தெரு, 345 ஆண்டு விலை

1795-க்குப் பின் பிரெஞ்சு ஆதிக்கத்தில் கடல் வணிகம் நொடித்தது, மக்கள்தொகை சரிந்தது. வசதியான நகரங்கள் பழையதை இடித்துப் புதியது கட்டிக்கொண்டிருந்தபோது ஆம்ஸ்டர்டாமிடம் அதற்குக் காசில்லை. வறுமையும் ஒரு பாதுகாவலன்தான். இன்னொரு பாதுகாவலன் மனை விற்றபோதே போட்ட நிபந்தனைகள்: பின்பகுதி தோட்டமாகவே இருக்க வேண்டும், இரைச்சலும் நாற்றமும் தரும் தொழில்கள் கூடாது. தெரு பல தலைமுறைக்கு ஒரே தரத்தில் நின்றது.

பொருளாதார அறிஞர் பீட் ஐக்ஹோல்ட்ஸுக்கு இது அரிய ஆய்வுக்கூடமாக அமைந்தது. வீட்டுவிலையின் நெடுங்காலப் போக்கை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும், ஊர் எல்லையும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஹேரன்கிராக்டில் அதே வீடு மறுபடி மறுபடி விற்ற பதிவுகள் இருந்தன. அவற்றை ஒப்பிட்டு 1628 முதல் 1973 வரையிலான குறியீட்டை அவர் 1997-இல் வெளியிட்டார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 345 ஆண்டில் விலை ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஆண்டுச் சராசரி 0.2 சதவீதம்! இடையே போர்களும் கொள்ளைநோய்களும் வந்தபோதெல்லாம் விலை பாதாளத்துக்கும் போயிருக்கிறது. வீட்டுமனை எப்போதும் ஏறும் என்று நம்புகிறவர்கள் சுவரில் மாட்டி வைக்க வேண்டிய கணக்கு இது.

20-ஆம் நூற்றாண்டில் வங்கிகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. 1918-இல் பழைய வீடுகளை வாங்கிக் காக்க ஹென்ட்ரிக் டி கெய்சர் சங்கம் தோன்றியது. பார்ட்டொலாட்டி வீடு இன்று அதன் பொறுப்பில் இருக்கிறது. 2010-இல் கால்வாய் வளையம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முகப்புகளுக்கு இனி ஆபத்தில்லை என்று தோன்றலாம். ஆனால் முகப்பைக் காக்கும் சட்டத்தால் மண்ணைக் கட்டிப்போட முடியாது. கரிமண் இன்றும் அமுங்குகிறது. அமுங்கும்போது மரத்தூண்களைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. கோடை வறண்டால் நிலத்தடி நீர் இறங்குகிறது. 2008-இல் நிலத்தடி ரயில் பாதைக்காகத் தோண்டியபோது, அருகிலுள்ள ஃபெய்செல்கிராக்டில் பழைய நெசவாளர் வீடுகள் ஒரே ஆண்டில் இருமுறை இறங்கின. இரண்டாம் முறை 23 சென்டிமீட்டர்வரை. 2020-இல் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாய்க் கரைச்சுவரே சரிந்து விழுந்தது. கரைச்சுவர்களும் அதே மரத்தூண்களின் மேல்தான் நிற்கின்றன. நகரில் அவற்றின் நீளம் சுமார் 200 கிலோமீட்டர்.

இப்போது பழுதுபார்ப்பதும் அடியிலிருந்துதான். நிலவறைக்குள் சிறிய இயந்திரத்தை இறக்கி, எஃகுக் குழாய்களைத் துண்டு துண்டாக இணைத்து மணற்படுகைவரை செலுத்துகிறார்கள். அவற்றின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன் விளிம்பைப் பழைய சுவருக்குள் செருகி, வீட்டின் பாரத்தை அதன்மேல் மாற்றுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது, செலவோ பெரிது. கழுத்து முகப்பா, மணி முகப்பா என்று இங்கே வீடு வாங்க வருகிறவர் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். அதற்குமுன் அடித்தள ஆய்வறிக்கை வேண்டும். இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது தரம் பிரித்துச் சொல்லும். அன்று மனை ஏலம் எடுத்தவரும் இதே கணக்கைத்தான் முதலில் போட்டிருப்பார். மரம் எத்தனை அடி நீளம், மணல் எத்தனை அடி ஆழம் என்பது தெரிந்த பிறகுதான் உச்சியில் என்ன செதுக்குவது என்ற பேச்சு.